ஐந்தாம் தேதிப் பக்கம்

டிசம்பர் 1, திங்கள்

பழைய நோட்டு நேற்றோடு தீர்ந்தது. இது இரண்டாவது. முதல் பக்கத்திலேயே விவரத்தை எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு வாய் வலிக்கிறது.

நோயாளி: சொர்ணம், வயது 65. என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. எழுதுவது: ஆவுடையம்மாள், வயது 61. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். தென்காசி வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான். மதினியின் மகள் வினோதினி மஸ்கட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் இந்த நோட்டில் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் போட்ட உத்தரவு.

நோய்: நிணநீர்ப் புற்று. கழுத்தில் நெறி கட்டி ஆரம்பித்தது. விடாத காய்ச்சல், படுக்கை நனைகிற வேர்வை, எட்டு கிலோ எடைக் குறைவு, இந்த மூன்றோடு பிப்ரவரியில் கண்டுபிடித்தார்கள். மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஆறு ரவுண்டு கீமோ. செப்டம்பர் ஸ்கேனில் எல்லாம் சுத்தம். அந்த மூன்றில் எது திரும்ப வந்தாலும் உடனே ஓடி வரணும் என்று டாக்டர் பீட்டர் ஜெயசீலன் சொல்லியிருக்கிறார். எதிர்ப்புச் சக்தி இன்னும் ஏறவில்லை, ஆகவே கூட்டம் கூடாது, வெளியே அலையக் கூடாது.

இன்று காய்ச்சல் இல்லை. ரெண்டு இட்லி. என் சாம்பாரைக் குறை சொன்னாள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

டிசம்பர் 3, புதன்

மழை விட்டதும் கொல்லை முழுக்கப் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். புல் பூண்டு ஒன்று கிடையாது, அண்ணன் வீடு கட்டும்போதே மொத்தத்தையும் சிமெண்டு பூசிவிட்டார். இந்தப் பாசிக்கு மட்டும் எப்படித்தான் வழி கிடைக்கிறதோ.

மதினிக்குத் தலைமுடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. சுருள் சுருளாக. முன்பு நீளமாக, நேராக இருந்த முடி. கண்ணாடியைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். நான் அந்தப் பக்கம் போனதும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

காய்ச்சல் இல்லை. மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"ஏளா ஆவுடை, இந்த வருசம் உத்திரத்துக்கு சாஸ்தாவப் பாக்கவே இல்லையே."

"உத்திரத்தன்னைக்கு நீங்க ஊசிய குத்திக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்திய. சாஸ்தாவுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை போய்ச் சொல்லணும்லா."

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆகவேண்டும். எங்கே வேலையில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்தா மலையடிவாரத்தில், குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். கல்யாணமாகி வந்த நாற்பது வருஷத்தில் மதினி தவறவிட்ட முதல் உத்திரம் இது.

முடியாது என்று சொல்லிவிட்டேன். வினோ, நிம்மதியாக இரு.

டிசம்பர் 5, வெள்ளி

வீட்டில்தான் இருந்தோம். காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 6, சனி

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன். மதினியின் பாவாடை ஓரமெல்லாம் நாயுருவி விதை ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்க அரை மணி நேரம். கொல்லைப்பக்கம் போயிருப்பாள்.

டிசம்பர் 10, புதன்

காய்ச்சல் இல்லை. இடுப்புப் பக்கம் அரிக்கிறது என்று தேங்காயெண்ணெய் கேட்டாள்.

"காட்டுங்க, பாக்கேன்."

"சீ, போளா."

இந்த விஷயத்தில் மதினி பெரிய ராணி. பாவாடையை மாருக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பாள், அதுவும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு. கீமோ காலத்தில் எழுந்து நிற்க முடியாதபோதுகூட உள்ளே விடவில்லை. நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மதினி இருக்கியளா, மதினி இருக்கியளா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். "இருக்கேம்ளா, எங்க போவேன்" என்பாள்.

நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொன்னேன். நாற்பது வருஷம் நாடா இறுக்கி இடுப்பில் கறுப்பாக வடு விழுந்து கிடக்கும். சேலை கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான்.

டிசம்பர் 15, திங்கள்

தலைவலி என்று படுத்தாள். மாலை நாலு மணிக்கு 101.4. மழைக்காலம், சளிக்காய்ச்சலாக இருக்கும். பாரசிட்டமால் ஒன்று. வினோ, பதற வேண்டாம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. கோலம் மதினியின் இலாகா. நான் போட்டது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கே சிரிப்பாக இருந்தது. காலை 100, மாலை 102.

டிசம்பர் 17, புதன்

காலையில் மதினியின் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும். வேர்வை என்று எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிட்டேன்.

எடை போட்டுப் பார்த்தேன். மூன்று கிலோ குறைந்திருக்கிறது. ரெண்டு பேரும் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "மெஷின் பழசுளா" என்றாள் மதினி. ஆமா மதினி, பழசு என்றேன்.

டிசம்பர் 18, வியாழன். திருநெல்வேலி, ஆஸ்பத்திரி

காலை ஆறரைக்குக் கார் பிடித்து வந்தோம். டாக்டர் பீட்டர் ஜெயசீலன் கழுத்தை அமுக்கிப் பார்த்தார், அக்குள், வயிறு. தொடையிடுக்கைச் சேலைக்கு மேலாகவே தொட்டார். மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை எடுத்துவிட்டார். நல்ல மனுஷர், பெண்களைக் கூச வைக்க மாட்டார்.

"காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்மா. இந்த ஒரு மாசத்துல எங்கயாச்சும் வெளிய போனாங்களா? தோட்டம், வயக்காடு, மலைப்பக்கம்?"

மதினி என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். வீட்ட விட்டு நகரல."

நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஐந்தாம் தேதியையும் படித்தார்.

"இப்படி எழுதி வெக்கறவங்க நூத்துல ஒருத்தர் கிடையாது. எனக்கு பாதி வேலை மிச்சம்" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் இதை ஒரு வாரம் சொல்லித் திரிந்திருப்பேன்.

ஏழு குழாய் இரத்தம் எடுத்தார்கள். அறை எண் 214. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்.

டிசம்பர் 20, சனி

ஸ்கேன் வந்துவிட்டது. மதினியை அறையில் விட்டுவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

"கழுத்துல ரெண்டு நெறி, இடது தொடையிடுக்குல ஒண்ணு பெருசா. மண்ணீரல் வீங்கியிருக்கு. பிளேட்லெட் இறங்குது. டெங்கு, மலேரியா, டைபாய்டு, டி.பி. எல்லாம் பாத்தாச்சு, இல்ல. போன பிப்ரவரியில எப்படி வந்தாங்களோ அச்சா அப்படியே இருக்கு. திரும்பிடுச்சுன்னுதான் தோணுதும்மா."

தொற்று ஏதும் இருந்தால் கேட்கட்டும் என்று ஆன்டிபயாடிக் ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறாம் தேதி தொடையிடுக்கு நெறியை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாம். அதற்குள் உடம்பு மோசமானால் காத்திருக்க முடியாது, கீமோவை ஆரம்பித்துவிட வேண்டும், இந்தத் தடவை இன்னும் வீரியமான மருந்து என்றார்.

"தாங்குவாளா டாக்டர்?"

எக்ஸ்சேஞ்சில் ஆள் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே வரப்போவது சாவுச் செய்தியா கல்யாணச் செய்தியா என்று சொல்லிவிடுவேன். டாக்டர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

அறைக்கு வந்ததும் மதினி கேட்டாள். "என்னளா சொன்னாரு?"

"நோட்டு நல்லா எழுதுதேனாம்."

"உங்க அண்ணனும் இப்படித்தான். பொய் சொன்னா மூக்கு நுனி செவந்திரும்."

டிசம்பர் 21, ஞாயிறு

103. மூன்று வாய் கஞ்சி. வினோதினி இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். போனில் அழுதாள். எல்லாம் சரியாகிவிடும் என்று என் ஆபரேட்டர் குரலில் சொன்னேன்.

டிசம்பர் 22, திங்கள்

இந்தப் பக்கத்தைப் படம் எடுக்கப் போவதில்லை.

ஒரு விஷயம் மனதில் கிடந்து அறுக்கிறது. ஒரு நாள் பகலில் நாலு மணி நேரம் வெளியே போனோம். அவ்வளவுதான். ரெண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்தோம். கூட்டமே இல்லை. யாரும் எங்களைத் தொடவில்லை, ஒருத்தர் எங்கள் பக்கத்தில் இருமவில்லை. சாப்பாடு வீட்டில் ஆக்கினது. தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுபோனது. இதில் எந்தத் தொற்று வந்து ஒட்டிவிடப் போகிறது? இப்போது போய்ச் சொன்னால் டாக்டர் இந்த நோட்டில் ஒரு பக்கத்தையும் நம்ப மாட்டார். வினோதினி என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள். வந்திருப்பது புற்று என்று அவரே சொல்லியாயிற்று. சொல்லாமல் விடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்று தடவை இதையே எழுதிப் பார்த்துவிட்டேன். நம்ப முடியவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

103.6. பிளேட்லெட் இன்னும் இறங்கியிருக்கிறது. என்னை ரெண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டாள். இருபத்தாறு வரை இழுக்க வேண்டாம், நாளை சாயங்காலமே மருந்தை ஆரம்பித்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு உடம்பு துடைத்துவிட ஆயா வந்தாள். மதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாளியை வாங்கி, திரையை இழுத்துவிட்டேன். ஆறு நாளாக மேலுக்குத்தான் துடைத்திருக்கிறேன், முகம், கை, கால். ஒரே வீட்டில் நாற்பது வருஷம் இருந்திருக்கிறோம், மதினியின் தோளுக்குக் கீழே நான் பார்த்தது கிடையாது. ஆனால் இன்று சேலையெல்லாம் வேர்வையில் ஊறி நாற்றம் அடித்தது. அப்படிக் கிடக்கிறவள் இல்லை அவள்.

"மதினி, நாடாவ அவுக்கேன்."

"வேண்டாம்ளா."

"நான் கண்ண மூடிக்கிடுதேன்."

"கண்ண மூடிக்கிட்டு எப்படிளா தொடைப்ப, கோட்டிக்காரி."

நாலு நாளில் அவள் பேசின முதல் கேலி. கையைத் தளர்த்திவிட்டாள். நான் அவிழ்த்தேன். இடுப்பு எலும்பு ரெண்டும் துருத்திக்கொண்டிருந்தது. வெந்நீரில் துணியைப் பிழிந்து துடைத்துக்கொண்டே வந்தேன்.

இடது பக்கம், தொடை மடிப்புக்குச் சற்று மேலே, ஒரு கறுப்புப் பொருக்கு. ஐம்பது பைசா அளவு இருக்கும். சுற்றிச் சிவப்பாக வளையம். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி.

"இது என்ன மதினி?"

"நாடா உரசுன புண்ணு. அன்னைக்குச் சொன்னம்லா, அரிக்குன்னு."

நாடா எங்கே உரசும் என்று எனக்குத் தெரியாதா? நானும் சேலை கட்டுகிறவள்தான். நாடா வடு நாலு விரல் மேலே கிடக்கிறது. இந்த இடத்துக்கு நாடா வராது.

ஒரு துண்டைப் போர்த்திவிட்டு வெளியே ஓடினேன். டியூட்டி டாக்டர் ஷர்மிளா பானு நர்சுகளோடு பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயது, கடையநல்லூர்ப் பெண். டாக்டர், ஒரு புண் இருக்கு, பாக்கணும், இப்பமே பாக்கணும் என்றேன். என் குரலைக் கேட்டு ஓட்டமாகவே வந்தார்.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். விரலால் சுற்றிலும் அமுக்கினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லையே."

"வலிக்காது" என்றார், தனக்குத்தானே. பிறகு நோட்டைக் கேட்டார். "பத்தாம் தேதி எண்ணெய் கேட்டிருக்காங்க. பதினஞ்சு காய்ச்சல். அதுக்கு முன்னாடி புல்லு, புதர் எங்கயாச்சும் நடந்தாங்களா? உக்காந்தாங்களா? இதுல ஒண்ணுமே இல்லையே."

"இல்ல டாக்டரம்மா" என்றாள் மதினி. குரல் நூலாக வந்தது. "எங்கயும் போகல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை மெள்ள ஆட்டினாள், சொல்லாதே சொல்லாதே என்று. கண்ணில் தண்ணீர் நின்றது.

சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். டாக்டர் நோட்டை மூடப் போனார்.

"போனோம்" என்றேன்.

"எங்க?"

"அஞ்சாம் தேதி. மலையடிவாரத்துல எங்க சாஸ்தா கோயிலுக்கு. புல்லு இடுப்பளவு நின்னுச்சு. அதுக்குள்ள நடந்து போயி, அங்கனயே உக்காந்து சாப்பிட்டோம். நோட்டுல நான் பொய் எழுதியிருக்கேன் டாக்டர்."

அவர் என்னைத் திட்டவில்லை. விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சுலேர்ந்து பதினஞ்சு. பத்து நாள். சரியா வருது." முகமே மாறிவிட்டது.

புல்லில் ஒரு பூச்சியாம், கண்ணுக்கே தெரியாதாம். உடம்பில் மறைவான, இறுக்கமான இடமாகப் பார்த்துக் கடிக்குமாம், கடித்தது தெரியாதாம். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள், ஸ்க்ரப் டைபஸ் என்றும் சொல்வார்கள் என்றார்.

"விடாத காய்ச்சல், வேர்வை, நெறி கட்டறது, மண்ணீரல் வீக்கம், பிளேட்லெட் இறங்கறது, எல்லாமே இதுலயும் வரும்மா. இவங்களுக்கு ஏற்கெனவே அந்த நோய் இருந்ததால நாங்க எல்லாரும் அதையே பாத்திட்டிருந்தோம். இப்ப ஓடற ஊசி இதுக்குக் கேக்காது. வேற மாத்திரை. ரொம்பச் சாதாரண மாத்திரை." நோட்டை என்னிடம் நீட்டினார். "கீமோ கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

"போடாதீங்க" என்றார். இந்தக் காய்ச்சலோடு அந்த மருந்து உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அரை மணியில் டாக்டர் பீட்டர் ஜெயசீலன் வந்தார். புண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு நாளா தினமும் தொட்டுப் பாக்கறேன். சேலைக்கு மேலயே பாத்திருக்கேன்" என்றார்.

"எம் மேலதான் தப்பு டாக்டர்" என்றாள் மதினி. "கோயிலுக்குப் போகணும்னு நாந்தான் அடம்பிடிச்சேன். இவ வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா."

நான் மறுத்துப் பேசவில்லை.

மாத்திரை பன்னிரண்டு இருபதுக்குக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

காலை 103. மாலை 101.8. இரத்தச் சோதனையில் அந்தக் காய்ச்சல்தான் என்று வந்துவிட்டது. டாக்டர் சர்ச்சுக்குப் போய்விட்டு, புதுச் சட்டையோடு நேரே 214க்கு வந்து அவரே சொன்னார். கேக் கொண்டுவந்தார். மதினிக்கு வேண்டாம், நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 26, வெள்ளி

காலை 99.2. மத்தியானம் 98.8. மாலை 98.6.

விரிப்பு காய்ந்திருந்தது. கையை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். நெறியை எடுக்கிற ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். கேண்டீன் ரசஞ்சாதத்தை நாலு வாய் தின்றுவிட்டு மதினி சொன்னாள்: "உப்பும் இல்ல, உறப்பும் இல்ல. என்ன ரசம்ளா இது, நீ வச்சது மாதிரி இருக்கு."

குளியலறைக்குள் போய் அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

வினோதினி வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஏச ஆரம்பித்தாள். "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு காட்டுக்குள்ள என்னம்மா சாமி? அத்தை தலைபாடா அடிச்சிருப்பாங்க, கேட்டியா நீ?"

"எம் புத்தி அப்படி" என்றாள் மதினி, குழந்தை மாதிரி.

வினோதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா அடம்பிடிச்சா நீங்க என்னத்த பண்ணுவிய அத்தை. நீங்க அன்னைக்கு உண்மையச் சொன்னதாலதான் அம்மா இருக்கா."

காபி டம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சுத்தமாக இருந்த டம்ளரையும் சேர்த்து.

ஜனவரி 2, வெள்ளி

வீடு. கொல்லையில் மறுபடி பாசி.

ஜனவரி 9, வெள்ளி

திருநெல்வேலி போய் வந்தோம். கழுத்து நெறி இல்லை. தொடையிடுக்கு நெறி பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மண்ணீரல் பழையபடி. பழைய நோயின் சுவடு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அது எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் அப்படித்தானே டாக்டர் என்றாள் மதினி.

இந்தத் தடவை ஷர்மிளா பானு திரை போட்டு முழுசாகப் பார்த்தார். மதினி என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

ஜனவரி 11, ஞாயிறு

வினோதினி மஸ்கட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என் காலில் விழுந்தாள். எழுந்திரி எழுந்திரி என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

(ஜனவரி 12 அன்று எழுதியது. பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை, அதுவும் இருக்கட்டும்.)

மதினி அடம்பிடிக்கவே இல்லை. நாலாம் தேதி நான் முடியாது என்றதும், சரிளா என்று கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில், குளிங்க மதினி, ஆட்டோ வருது என்று எழுப்பியது நான்தான்.

போன உத்திரத்தன்று அவளுக்கு இரண்டாவது ரவுண்டு. வாந்தி எடுத்து எடுத்துக் கண் செருகிக் கிடந்தாள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். சாமி விஷயத்தில் எனக்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. இருந்தாலும் சொன்னேன்: இவள விட்டுரு, உயிரோட உன் முன்னால கொண்டாந்து நிறுத்துதேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடமைக்குப் பார்க்கிறேன், வேறு யார் இருக்கா என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை என்பதுதான் நிஜம்.

செப்டம்பரில் சுத்தம் என்று வந்ததிலிருந்து அந்த நேர்த்திக்கடன் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த உத்திரம் வரை விட்டுவைக்கப் பயம். உத்திரத்துக்குப் போனால் கூட்டத்தில் எவனாவது இருமுவான். அதனால் ஒரு ஈ காக்கை இல்லாத வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கூட்டிப்போனேன், பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு. உத்திரத்துக்குத்தான் பாதையைச் செதுக்கிப் போடுவார்கள், மற்ற நாளில் குளத்தங்கரை முழுக்கப் புல் நிற்கும் என்பது அங்கே இறங்கின பிறகுதான் உறைத்தது.

"திரும்பிருவமாளா?" என்றாள் மதினி.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பைய வாங்க" என்று கையைப் பிடித்து நான்தான் நடத்திக்கொண்டு போனேன்.

பூசாரி இல்லை. கம்பிக் கதவுக்கு வெளியே விளக்கைப் பொருத்தி வைத்து, அவளை முன்னால் நிறுத்தினேன். கொண்டாந்துட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். பிறகு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். நான் ஆக்கின கூட்டாஞ்சோற்றை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், குறையே சொல்லவில்லை. வெயில் நன்றாக இருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"என்ன வேண்டுனிய மதினி?"

"ஒண்ணும் வேண்டல. வந்துட்டேன், ஆவுடைதான் கூட்டிட்டு வந்தா, அவள நல்லபடியா வச்சுக்கோன்னு சொன்னேன்."

திரும்பி வருகிறபோது ஆட்டோவில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "நோட்டுல எழுதிராத. யார்ட்டயும் சொல்லிராத. வினோவுக்குத் தெரிஞ்சா உன்னய ஏசுவா. என்னய என்ன வேணா சொல்லட்டும், உன்னய யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

நூற்று மூன்று டிகிரியில் கிடந்துகொண்டு அவள் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்காக. நான் வாயைத் திறக்காமல் இருந்ததும் எனக்காகத்தான்.

அடுப்படியிலிருந்து இப்போது கேட்கிறாள். "என்னளா இவ்வளவு நேரமா எழுதுத?"

"காய்ச்சல் இல்லன்னு எழுதுதேன் மதினி."

"அதுக்கா ரெண்டு பக்கம்?"

பக்கத்தைப் படம் எடுத்து வினோதினிக்கு அனுப்பிவிட்டேன். ரெண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது. படித்துக்கொண்டிருக்கிறாள்.

போன் அடிக்கிறது. எடுக்கப் போகிறேன்.